ரொறன்ரோவில் புதுக் குடும்பம் அயல் தேடுவது எப்படி

ரொறன்ரோவில் வந்து இறங்கிய தமிழ்க் குடும்பத்துக்கு வீடு பற்றிய அறிவுரைக்குப் பஞ்சமில்லை. "ஸ்காபரோவில எடுங்கோ" என்பார் ஒருவர். மார்க்கத்தில் பள்ளிக்கூடம் நல்லம் என்பார் இன்னொருவர். பிரம்ரனில் வீடு பெரிது, அஜாக்ஸில் சத்தமில்லை என்று பட்டியல் நீளும். எல்லாமே ஊர்ப் பெயர்கள். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பேருந்தில் போகவே ஒரு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு பெரிய இடத்தை ஒரே சொல்லில் நல்லது கெட்டது என்று பிரிக்க முடியாது. பிள்ளைகளோடு வருபவர்கள் தேட வேண்டியது ஒரு பள்ளிக்கூடத்தின் சேர்ப்பு எல்லையை, அதாவது அந்தப் பள்ளி எந்த வீதிகளின் பிள்ளைகளைச் சேர்க்கிறதோ அந்தப் பரப்பை. அந்த எல்லைக்குள்தான் பிள்ளையின் நண்பர்கள் இருப்பார்கள், தாய்மார் வாசலில் நின்று பேசுவார்கள், அம்மம்மா நடக்கப் போவார். குடும்பம் வேரூன்றுவதும் தனித்துப்போவதும் அந்தச் சில வீதிகளுக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது.

வந்தவுடன் நீண்ட கால ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல், இரண்டு முதல் நான்கு கிழமைக்குத் தற்காலிகமாகத் தங்க இடம் பார்த்துக்கொண்டு தேடலைத் தொடங்குங்கள். ஊரில் இருந்தபடியே படங்களைப் பார்த்து முற்பணம் அனுப்புவதுதான் புதியவர்கள் பணத்தை இழக்கும் பொதுவான வழி. வீட்டை உள்ளே போய்ப் பார்க்கும் வரை ஒரு டொலர்கூட அனுப்ப வேண்டாம்.

எண்களை எங்கே பார்ப்பது

2021 குடிசன மதிப்பீட்டின்படி ரொறன்ரோ நகரத்தில் நூற்றுக்கு 55.7 பேர், கனடா அரசு 'புலப்படும் சிறுபான்மையினர்' என்று வகுக்கும் வெள்ளையரல்லாத மக்கள். பிரம்ரனிலும் மார்க்கத்திலும் அது நூற்றுக்கு 80ஐத் தாண்டுகிறது. இது நகரச் சராசரி. நீங்கள் எடுக்கப்போகும் வீதியைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது.

கனடாப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் தளத்தில் குடிசன மதிப்பீட்டு விபரத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். ஆகச் சிறிய பகுதியில் 400 முதல் 700 பேர்தான் இருப்பார்கள். ரொறன்ரோ நகரசபையும் நகரத்தை 158 அயல்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் விபரக்கோவை வெளியிடுகிறது. இவற்றில் 'தெற்காசியர்' என்ற வரியோடு நின்றுவிட வேண்டாம். பஞ்சாபியும் குஜராத்தியும் உருதுவும் வங்காளமும் தமிழும் அந்த ஒரே கூடைக்குள் கிடக்கின்றன. 'வீட்டில் அதிகம் பேசும் மொழி' என்ற வரிக்குப் போங்கள். தமிழ் எத்தனை பேர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, வேறு எத்தனை மொழிகள் நூற்றுக்கணக்கானோரால் பேசப்படுகின்றன என்று எண்ணுங்கள். அடுத்து, அண்மையில் குடியேறியோரின் தொகை, வாடகைக்கு இருப்போரின் பங்கு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தொகை. இந்த எண்கள் 2021ஆம் ஆண்டுக்கு உரியவை, அதற்குப் பிறகு ஏராளமானோர் வந்துவிட்டார்கள் என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

எந்தக் கலவை நல்லது? எங்கள் கருத்து வெளிப்படையானது: பிள்ளை தன் வகுப்பில் ஒற்றைத் தமிழ்ப் பிள்ளையாக நிற்கவும் கூடாது, தமிழ்ப் பிள்ளைகளை மட்டுமே பார்த்து வளரவும் கூடாது. ஒற்றையாக நிற்கும் பிள்ளையிடம் மதியச் சாப்பாட்டுப் பெட்டி பற்றியும் பெயர் பற்றியும் எல்லாரும் கேட்பார்கள், நாளடைவில் அது இடியப்பத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்கும். முழுக்க நம்மவர்களே இருக்கும் இடத்தில் பெரியவர்களுக்கு ஆறுதல் உண்டு, கடை அருகில், வேலைக்கு ஆள் சொல்வார்கள். ஆனால் ஆங்கிலம் பேசாமலே ஐந்து வருடம் ஓடிவிடும், ஊர்ப் பிரிவினையும் சாதிப் பேச்சும் கூடவே வந்து சேரும். மூன்று நான்கு பெரிய சமூகங்கள் கலந்து, எதுவும் பாதிக்கு மேல் போகாத இடம் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். பள்ளிவாசலும் ஹலால் கடையும் தமிழர் செறிந்த பகுதியிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், இரண்டையும் தனித்தனியாக வரைபடத்தில் குறித்து நடுவே தேடுங்கள்.

வரைபடத்தைச் சுருக்குவதற்கு ஒரு சிறு பின்னணி. 1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் வந்த ஈழத்தமிழர் பலர் முதலில் தங்கியது நகர மையத்துக்கு அருகே, சென்ற் ஜேம்ஸ் ரவுனின் மாடிக்கட்டடங்களில். பிறகு ஸ்காபரோவுக்குப் பெயர்ந்தார்கள்: மல்வேர்ன், மார்க்கம் வீதியின் நெடுக்கு, எக்லின்ரன் கிழக்கு. அடுத்த தலைமுறை வீடு வாங்கியபோது நகரத்தின் வடக்கு எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கத்துக்கும், கிழக்கே பிக்கறிங், அஜாக்ஸ், விற்பி என்றும் நகர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வருவோரில் பலர் மிசிசாகாவையும் பிரம்ரனையும் எடுக்கிறார்கள். புதிதாக வந்து வாடகைக்குத் தேடுபவர்களுக்கு, பேருந்தும் சேவைகளும் நெருக்கமாக உள்ள ஸ்காபரோ இன்றும் தொடங்குவதற்கு வசதியான இடம்.

பள்ளிக்கூடம்

இதற்குத்தான் ஆகக் கூடிய நேரம் ஒதுக்க வேண்டும்.

ஒன்ராறியோ மாகாணத்தில் அரச நிதியில் நடக்கும் பள்ளி வாரியங்கள் நான்கு வகை: ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்க, பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்க. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இரண்டாவது வழியும் உண்டு. மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு ஆங்கிலப் பொது வாரியம்தான். வாரியத்தின் தளத்தில் வீட்டு இலக்கத்தையும் வீதிப் பெயரையும் கொடுத்தால் எந்தப் பள்ளி என்று காட்டும். வீதியின் பெயரை மட்டும் கொடுத்துப் பார்ப்பது பலர் செய்யும் பிழை. ஒரே வீதியின் இரட்டை இலக்க வீடுகளும் ஒற்றை இலக்க வீடுகளும் வெவ்வேறு பள்ளிகளுக்குப் போவதுண்டு.

இன்னொரு பொறி புதிய மாடிக்கட்டடங்களிலும் புதுக் குடியிருப்புகளிலும் இருக்கிறது. பக்கத்துப் பள்ளி நிரம்பிவிட்டால், அந்தக் கட்டடத்துப் பிள்ளைகளை வாரியம் தொலைவில் உள்ள பள்ளிக்குப் பேருந்தில் அனுப்பும். கட்டுமான இடங்களில் வாரியம் வைத்திருக்கும் அறிவிப்புப் பலகையே இதைச் சொல்லும், ஆனால் வீடு காட்டும் முகவர் சொல்லமாட்டார். பள்ளி அலுவலகத்துக்கு நேரே தொலைபேசி எடுத்து, "இந்த விலாசத்துப் பிள்ளையை இந்த செப்ரெம்பரில் நீங்கள் சேர்ப்பீர்களா?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள்.

வகுப்பு வயதுக் கணக்கு ஆண்டின் இறுதியை வைத்து. டிசம்பர் 31க்குள் 4 வயது நிறையும் பிள்ளை அந்த செப்ரெம்பரில் பாலர் வகுப்பில் சேரலாம். சேர்ப்புக்குப் பிறப்புச் சான்று, குடிவரவு ஆவணம், விலாசச் சான்று, தடுப்பூசிப் பதிவு ஆகியவை வேண்டும். ஊரிலிருந்து தடுப்பூசி அட்டையைக் கொண்டுவர மறந்துவிடுகிறார்கள், பிறகு அதற்காகவே வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்கள் கையில் கிடைக்கும். அவை பெரும்பாலும் மாகாணத் தேர்வுகளின் புள்ளிகள், 3ஆம் 6ஆம் வகுப்புகளில் வாசிப்பு, எழுத்து, கணிதம். பெற்றோரின் வருமானமும் படிப்பும் அந்தப் புள்ளிகளில் பெரும் பங்கு வகிக்கின்றன. ஆங்கிலம் புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த பள்ளியின் புள்ளி இறங்கித்தான் தெரியும், ஆனால் உங்கள் பிள்ளைக்கு வேண்டிய ஆசிரியர் அங்கேதான் இருப்பார். ஆகவே நேரில் போய் அதிபரிடமோ துணை அதிபரிடமோ கேளுங்கள்:

ஆங்கிலம் புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்கான ஆசிரியர் கிழமைக்கு எத்தனை நாள் இந்தப் பள்ளியில் இருக்கிறார்? குடியேற்ற உதவிப் பணியாளர் பள்ளிக்கு வருகிறாரா, எந்த நாள்? பெற்றோருக்கு அனுப்பும் முக்கிய கடிதங்கள் வேறு மொழிகளில் வருகின்றனவா? தமிழ் மொழி வகுப்பு இங்கே நடக்கிறதா, இல்லையென்றால் அருகில் எங்கே?

கடைசியாக ஒரு கேள்வி, இதைத் தவறவிட வேண்டாம்: "ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" நல்ல அதிபர் படிகளைச் சொல்வார்: யார் விசாரிப்பது, இரு வீட்டுக்கும் எப்போது அறிவிப்பது, எங்கே பதிவு செய்வது. "இங்கே அப்படி ஒன்றும் நடப்பதில்லை" என்ற பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். எந்தப் பள்ளியிலும் அது நடக்கும், கையாளும் வழி இருக்கிறதா என்பதே கேள்வி. கடுமையான சம்பவத்தை அறிய வரும் பள்ளி ஊழியர் அதிபருக்கு அறிவிப்பது ஒன்ராறியோவில் சட்டக் கடமை.

நேரில் பார்க்கும் நேரம்

ஞாயிறு மதியம் வீடு பார்க்கப் போனால் எந்த வீதியும் அழகாகவே தெரியும். குறைந்தது மூன்று தடவை, மூன்று வேளைகளில் போங்கள்.

வேலை நாள் காலை, பள்ளி மணி அடிப்பதற்குக் கால் மணி முன்பு வாசலில் நில்லுங்கள். பெற்றோர் தங்கள் இனத்தவரோடு மட்டும் வட்டம் கட்டி நிற்கிறார்களா, கலந்து பேசுகிறார்களா? மணி அடிக்க முன் பிள்ளைகள் யாரோடு ஓடி விளையாடுகிறார்கள்? பத்து நிமிடத்தில் கிடைக்கும் இந்தத் தகவல் எந்தப் புள்ளிவிபரத்திலும் இல்லை. வேலை நாள் மாலை ஏழு மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள், வெளிச்சம் போதுமா, பெண் பிள்ளை தனியே நடந்து வர முடியுமா என்று. சனிக்கிழமை பூங்காவுக்கும் நூலகத்துக்கும் போங்கள். நூலகக் கிளையில் தமிழ் அலமாரி இருக்கிறதா, அதில் புத்தகங்கள் புதுப்பிக்கப்படுகின்றனவா, முன்மேசையில் இருப்பவர்கள் எந்தெந்தப் பின்னணி என்று கவனியுங்கள். அறிவிப்புப் பலகையில் ஆங்கில வகுப்பு, வருமானவரி உதவி, மூத்தோர் சந்திப்பு என்று தாள்கள் நிறைந்திருந்தால் புதியவர்களை எதிர்பார்த்து இயங்கும் இடம் என்று பொருள்.

முதியவர்கள் உடன் வருகிறார்கள் என்றால் குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அவர்களின் உலகம், நடக்கக்கூடிய தூரத்தில் என்ன திறந்திருக்கிறதோ அவ்வளவுதான். உள்ளே நடக்கக்கூடிய ஒரு அங்காடி பத்து நிமிடத் தொலைவில் இருந்தால் அது பெரிய வரம். வெறிச்சோடிய புறநகரின் பெரிய வீட்டில் பகல் முழுதும் தனித்திருக்கும் அப்பம்மாக்கள் அனேகம், வீடு எடுக்கும் நாளில் அதை யாரும் யோசிப்பதில்லை.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்காபரோவின் மூன்றாம் இலக்க ரயில் பாதை 2023 ஜூலையில் நடந்த விபத்துக்குப் பிறகு நிரந்தரமாக மூடப்பட்டது. பழைய வரைபடத்தை நம்பி நிலையத்துக்கு அருகில் என்று வீடு எடுக்க வேண்டாம், இப்போது அங்கே பேருந்துதான். 2024 பெப்ரவரி முதல் மார்க்கம், பிரம்ரன், டுறம் (பிக்கறிங், அஜாக்ஸ், விற்பி அடங்கிய பகுதி) பேருந்திலிருந்து ரொறன்ரோ நகரப் போக்குவரத்துச் சேவையான ரிரிசிக்கு மாறும்போது இரண்டாவது கட்டணம் இல்லை. முன்பு ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டினாலே இரட்டைக் கட்டணம் என்பதால் வடக்கே போகத் தயங்கியவர்கள் உண்டு. கார் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஒப்பந்தத்துக்கு முன்பே அந்தத் தபால் குறியீட்டுக்குக் காப்புறுதி விலை கேளுங்கள். குறியீடு மாறினால் கட்டணம் மாறும், பிரம்ரனில் அது பேர்போன அளவுக்கு அதிகம்.

வீட்டுக்காரரும் ஒப்பந்தமும்

வரவேற்கும் அயல் என்பது வீட்டுக்காரரிடமிருந்தே தொடங்குகிறது. ஒன்ராறியோவில் பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு மாகாணத்தின் பொது ஒப்பந்தப் படிவம் கட்டாயம். வீட்டுக்காரர் வாங்கக்கூடிய வைப்புப் பணம் கடைசி மாத வாடகை மட்டும், அதாவது கையில் கொடுப்பது முதல் மாதமும் கடைசி மாதமும். சேத வைப்பு என்று தனியாகக் கேட்பது சட்டவிரோதம். புதியவர் என்பதால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டச் சொல்லி வற்புறுத்தவும் முடியாது. கேட்டால் பற்றுச்சீட்டு இலவசமாகத் தர வேண்டும். "நம்ம ஆள்தானே" என்று பற்றுச்சீட்டில்லாமல் காசாகக் கொடுப்பது பிற்பாடு எல்லாவற்றையும் கெடுக்கும்: விலாசச் சான்று இராது, வாடகை கட்டிய வரலாறு இராது, பிணக்கு வந்தால் காட்ட ஒன்றும் இராது.

கட்டடத்தின் வயதையும் கேளுங்கள். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு மாகாணத்தின் ஆண்டு வாடகை உயர்வு உச்சவரம்பு பொருந்தாது. பழைய கட்டடத்தில் ஆண்டுக்கு ஒரு தடவை, 90 நாள் எழுத்து அறிவித்தலோடு, பொதுவாக அந்த வரம்புக்குள்தான் உயர்த்தலாம். 2025இல் அது நூற்றுக்கு 2.5 ஆக இருந்தது. கொண்டோ எனப்படும் புது அடுக்குமாடி வீட்டில் 90 நாள் அறிவித்தலோடு எவ்வளவும் உயர்த்தலாம், இரண்டாம் வருடம் பிள்ளையைப் பள்ளி மாற்ற நேர்வது பெரும்பாலும் இப்படித்தான். ரொறன்ரோவில் மூன்று மாடியும் 10 வீடுகளும் அதற்கு மேலும் உள்ள வாடகைக் கட்டடங்களை நகரசபை பரிசோதித்துப் புள்ளி கொடுக்கிறது. விலாசத்தை நகரசபைத் தளத்தில் கொடுத்து அந்தப் புள்ளியையும் பழைய முறைப்பாடுகளையும் பாருங்கள்.

புதியவர்களில் பலருக்குக் கட்டுப்படியாவது பேஸ்மென்ற், அதாவது வீட்டின் நிலத்தடித் தளம். அனுமதி பெற்ற குடியிருப்பா என்று கேளுங்கள், பிரம்ரனில் அதைப் பதிவுசெய்வது கட்டாயம். படுக்கையறை ஜன்னலால் ஒரு ஆள் வெளியேற முடிய வேண்டும்: திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையாமலும், எந்தப் பக்கமும் 38 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும். அளவுநாடா கொண்டுபோய் அளந்து பாருங்கள். புகை எச்சரிக்கைக் கருவியும் காபன் மொனொக்சைட் கருவியும் வேலை செய்கின்றனவா என்று பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவரோரத்தில் பூஞ்சண மணம் வந்தால் அந்த வீடு வேண்டாம், குளிர்காலத்தில் பிள்ளைக்கு இழுப்பு வரும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி மேல்மாடியில் வீட்டுக்காரரிடம் இருந்தால், செப்ரெம்பர் முதல் ஜூன் நடுப்பகுதி வரை குறைந்தது 20 பாகை இருக்க வேண்டும் என்ற மாகாண விதியை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.

சமையலறையையோ குளியலறையையோ வீட்டுச் சொந்தக்காரரோடு பகிரும் அறை என்றால் நிலைமை வேறு. வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பும் மனித உரிமைக் கோவையின் வீட்டுப் பாதுகாப்பும் அங்கே பொருந்தாது. தெரிந்தவர் வீடு என்று பலர் இப்படித் தொடங்குகிறார்கள். குடும்பத்தோடு இருப்பதற்கு இதைச் சில கிழமைகளுக்கு மேல் நீட்ட வேண்டாம்.

மறுக்கப்படும்போது

இனம், பிறந்த இடம், மதம், குடியுரிமை நிலை, பிள்ளைகள் இருப்பது ஆகிய எதையும் வைத்து வாடகை மறுப்பதை ஒன்ராறியோ மனித உரிமைக் கோவை தடை செய்கிறது. "கறி சமைக்கக் கூடாது", "வளர்ந்தவர்களுக்கு மட்டும் பொருத்தம்" போன்ற விளம்பரங்களும் இதற்குள் அடங்கும். கனடாவில் கடன் வரலாறோ வாடகை வரலாறோ இல்லை என்பதை உங்களுக்கு எதிராக எடுக்கக் கூடாது என்பது மாகாண மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, ஊரில் இருந்த வீட்டுக்காரரின் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பாக்கிக் கையில் வைத்திருங்கள். சமூகக் காப்புறுதி இலக்கத்தை (SIN) விண்ணப்பத்தில் கொடுக்கத் தேவையில்லை.

தொலைபேசியில் "இருக்கிறது" என்றவர் நேரில் கண்டதும் "போய்விட்டது" என்றால், விளம்பரத்தின் படத்தை உடனே சேமித்து, நாளும் நேரமும் சொன்ன வார்த்தையும் எழுதி வையுங்கள். அடுத்த நாள் வேறு பெயருள்ள நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள். மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மனித உரிமை சட்ட உதவி நிலையம் இலவசமாக வழிகாட்டும். தீர்ப்புக்கு நெடுங்காலம் ஆகும் என்பதால் வீடு தேடுவதை நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் சமூக சேவைத் தகவல் தரும் தொலைபேசி இலக்கமான 211ஐ அழையுங்கள், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

ரொறன்ரோ பொலிஸ் குற்றப் பதிவுகளை அயல் வாரியாக வெளியிடுகிறது. வீட்டுக்குள் புகும் திருட்டும் கார்த் திருட்டும் எங்கே எப்படி மாறுகின்றன என்பதற்கு அது உதவும். வெறுப்புக் குற்ற எண்ணிக்கையை அப்படி எடுக்க வேண்டாம். முறைப்பாடு செய்யப்பட்டவை மட்டுமே அதில் வருகின்றன, குறைந்த எண் என்பது அங்கே யாரும் முறையிடுவதில்லை என்பதாகவும் இருக்கலாம்.

முதல் ஒப்பந்தம் ஒரு வருடம் போதும். வருடம் முடிந்ததும் அது தானாகவே மாதாந்த வாடகையாகத் தொடரும், மீண்டும் கையெழுத்திடச் சொன்னால் மறுக்கலாம். இடம் ஒத்துவரவில்லை என்றால் 60 நாள் எழுத்து அறிவித்தலோடு மாத இறுதியில் வெளியேறலாம். பள்ளி ஆண்டு ஜூன் கடைசியில் முடிவதால், ஜூன் 30இல் விடுவதற்கு ஏப்ரல் முடிவதற்குள் அறிவித்தலைக் கொடுங்கள். அதற்கு முந்தைய கிழமையில் பிள்ளையிடம் கேளுங்கள்: இந்த வருடம் யார் யார் வீட்டுக்குப் போய் விளையாடினாய், யார் நம் வீட்டுக்கு வந்தார்கள் என்று. இரண்டு மூன்று பெயர்கள் தயங்காமல் வந்தால், வாடகை சற்றுக் கூடினாலும் அதே பள்ளி எல்லைக்குள் அடுத்த வீட்டைத் தேடுங்கள்.